பிரையன்ட்டா, ஓல்ட்டா? 2015 கப்ஸ் அணியின் முதல் நாள் பட்டியல்

2015 மார்ச் 30. அரிசோனாவின் மீசா நகரில் பயிற்சி முகாம் முடியும் தறுவாயில், சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் நிர்வாகம் மூன்று இளைஞர்களைக் கீழ்நிலையான மைனர் லீக் பக்கம் அனுப்பியது. கிரிஸ் பிரையன்ட், ஹாவியர் பாயெஸ், அடிசன் ரசல். ஒரே நாளில் மூவரும் போனதால், அதை ஒரே முடிவாகப் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. நான் அப்படிப் பார்க்கவில்லை. அவை மூன்று தனித்தனி முடிவுகள். அவற்றில் இரண்டு சரி, ஒன்று தவறு.

எந்த மாதிரி அணி இந்த முடிவை எடுத்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1908க்குப் பிறகு அதுவரை உலகத் தொடரை வெல்லாத அணி கப்ஸ். 2010 முதல் 2014 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். 2014இல் 73 வெற்றி, 89 தோல்வி. தியோ எப்ஸ்டீன் நிர்வாகத் தலைமைப் பொறுப்புக்கு வந்தபின் பெரிய விலைக்கு விற்கக்கூடிய வீரர்களை விற்று இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். அந்தக் காத்திருப்பு 2014-15 குளிர்காலத்தில் முடிந்தது. பந்து வீசும் பிட்சர் ஜான் லெஸ்டருக்கு ஆறு ஆண்டுகளுக்கு 15.5 கோடி டாலர் கொடுத்தார்கள். டாம்பா பேயில் இருந்து பயிற்சியாளர் ஜோ மேடன் வந்தார். கேட்சர் மிகெல் மொன்டேரோவும் வெளிக்களத்துக்கு டெக்ஸ்டர் ஃபௌலரும் வந்தார்கள். இவ்வளவு செலவு செய்த அணி, 'இந்த ஆண்டே ஜெயிக்கப் போகிறோம்' என்று ஊருக்குச் சொல்லிவிட்டது. பட்டியலையும் அந்தக் கணக்கில்தான் எடைபோட வேண்டும்.

மூன்றாம் பேஸ் காவலுக்கு இரண்டு பேர். ஒருவர் பிரையன்ட், 2013 டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில்) இரண்டாவதாக எடுக்கப்பட்டவர். 2014இல் மைனர் லீகின் மேல் இரண்டு நிலைகளான டபுள் ஏ, டிரிபிள் ஏ இரண்டிலும் சேர்த்து 43 ஹோம் ரன், 0.325 சராசரி (பேட் பிடித்ததில் ஹிட் ஆன பங்கு). இன்னொருவர் மைக் ஓல்ட். டெக்சாஸ் ரேஞ்சர்ஸில் பெரிதாகப் பேசப்பட்ட இளைஞராக இருந்து, 2013இல் மாட் கார்ஸாவைக் கொடுத்த வர்த்தகத்தில் சிகாகோ வந்தவர். கண்ணில் வந்த கோளாறு அவருடைய வளர்ச்சியைத் தடுத்தது பலருக்கும் தெரியும். 2014இல் கப்ஸுக்காக ஆடியபோது அவர் சராசரி 0.160. ஹோம் ரன் 12, ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்க முடியாமல் வெளியேறியது) 100. பந்து மட்டையில் பட்டால் வெகு தூரம் போகும், படுவதுதான் அரிது.

முகாமில் என்ன நடந்தது? பிரையன்ட் 14 ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்தார். சராசரி 0.425. அந்த வசந்தத்தில் வேறு யாரும் அவ்வளவு ஹோம் ரன் அடிக்கவில்லை. இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. முகாம் எண்களை அப்படியே நம்பக் கூடாது. அரிசோனாவின் வறண்ட காற்றில் பந்து கூடுதல் தூரம் போகும். எதிரே வீசும் பிட்சர் அன்றைக்கு ஜெயிக்கவே நினைத்திருக்க மாட்டார். புதிதாகப் பழகும் ஒரு பந்தையே திரும்பத் திரும்ப வீசிப் பார்ப்பார். ஏழாவது இன்னிங்ஸில் வருபவர் ஒரு வாரத்தில் மைனர் லீக் திரும்பப் போகிற பையனாக இருக்கலாம். 40 முறை பேட் பிடித்ததை வைத்து ஒருவரைப் பட்டியலில் சேர்ப்பது மோசமான பழக்கம். ஆனால் பிரையன்ட் விஷயத்தில் அந்த 40ஐ முழுவதுமாக அழித்துவிட்டுப் பார்த்தாலும் முடிவு மாறாது. அதற்கு முந்தைய முழு ஆண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

சரி, பிறகு ஏன் அனுப்பினார்கள்?

நிர்வாகம் சொன்ன காரணம் ஃபீல்டிங். பிரையன்ட் உயரம் 1.96 மீட்டர். மூன்றாம் பேஸில் அவ்வளவு உயரமானவர்கள் நெடுநாள் நிலைப்பது அபூர்வம். குனிந்து எடுப்பதிலும் காலடியைச் சரிசெய்து முதல் பேஸுக்கு எறிவதிலும் இன்னும் பயிற்சி வேண்டும் என்றார்கள். இது வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பின்னாளில் அவர் இடது வெளிக்களத்திலும் நிறைய ஆடினார். ஆனால் அந்தக் குறை இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடுமா? ஏப்ரல் 17ஆம் தேதி அவரை மேலே கூப்பிட்டபோது அவருடைய கால்களும் கைகளும் மார்ச் 30இல் இருந்த அதே கால்களும் கைகளும்தானே.

மாறியது நாட்காட்டி. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

பெரிய லீகில் ஒரு வீரருக்கு 172 நாள் சர்வீஸ் (அணியின் பட்டியலில் இருக்கும் நாட்கள்) சேர்ந்தால் ஒரு முழு ஆண்டாகக் கணக்கு. ஆறு முழு ஆண்டு சேர்ந்தால் அவர் ஃப்ரீ ஏஜென்ட். எந்த அணியோடும் பேரம் பேசலாம். 2015 பருவம் ஏப்ரல் 5 முதல் அக்டோபர் 4 வரை, மொத்தம் 183 நாள். முதல் நாளே பட்டியலில் இருந்தால் 183, முழு ஆண்டு. ஏப்ரல் 17 வந்தால் ஏப்ரலில் 14, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30, அக்டோபரில் 4. கூட்டினால் 171. ஒரே ஒரு நாள் குறைவு. அந்த ஒரு நாளால் பிரையன்ட் ஃப்ரீ ஏஜென்ட் ஆவது 2020 முடிவில் இருந்து 2021 முடிவுக்குத் தள்ளிப்போனது. வேலையில் சேரும் தேதியைக் கொஞ்சம் தள்ளிவைத்து ஒருவருடைய சீனியாரிட்டியைக் குறைப்பது போன்ற வேலை இது. விதிக்குள் நடந்தது, அதில் சந்தேகமில்லை. பிரையன்ட் தரப்பு தொடுத்த முறையீட்டில் 2020 தொடக்கத்தில் நடுவர் கப்ஸ் பக்கமே தீர்ப்பளித்தார். ஆனாலும் அன்றைய நாளைப் பேஸ்பாலுக்குக் கெட்ட நாள் என்று வீரர் சங்கம் சொன்னதோடு நான் முழுக்க உடன்படுகிறேன்.

இப்போது கப்ஸ் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடைபோடலாம்.

அவர்கள் எடுத்த வழி, இரண்டு வாரம் காத்திருந்து ஓல்ட்டை ஆடவிடுவது. செலவு குறைவு என்று தோன்றும். அந்த 12 நாளில் மழையும் ஓய்வு நாளும் போக எட்டு ஆட்டங்கள்தான். அதில் ஐந்தில் வெற்றி. ஓல்ட்டுக்கு மணிக்கட்டில் பந்து பட்டு எலும்பில் விரிசல் விழ, அவர் காயப்பட்டியலுக்குப் போன வேளையில் பிரையன்ட் வந்து சேர்ந்தார். பெரிய நஷ்டம் எதுவும் இல்லை என்று வாதிடுபவர்கள் இந்த ஐந்துக்கு மூன்றைத்தான் காட்டுகிறார்கள். நான் அந்த ஆண்டு முடிவைக் காட்டுவேன். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 100 வெற்றி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 98, கப்ஸ் 97. பிரிவை வெல்லாத அணிகளில் சிறந்த இரண்டு மோதும் வைல்ட் கார்ட் அந்தப் பருவத்தில் ஒரே ஒரு ஆட்டம். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பைரேட்ஸைவிட ஒரு வெற்றி குறைந்ததால் கப்ஸ் அந்த ஆட்டத்தை பிட்ஸ்பர்க்கில் ஆட நேர்ந்தது. ஜேக் அரியெட்டா ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசி 4-0 என்று காப்பாற்றிக் கொடுத்தார். எட்டு ஆட்டத்தில் பிரையன்ட் இருந்திருந்தால் நிச்சயம் கூடுதல் வெற்றி வந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வெற்றிக்கு இவ்வளவு மதிப்பு வரும் என்று ஏப்ரலில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஏப்ரல் ஆட்டங்களை மலிவாக எண்ணக் கூடாது என்கிறேன்.

இன்னொரு வழி, ஜூன் வரை காத்திருப்பது. மூன்று ஆண்டு நிறையாத வீரர்களிலும் சர்வீஸ் அதிகம் உள்ள ஒரு பங்கினருக்குச் சம்பளத்தை நடுவரிடம் தீர்த்துக்கொள்ளும் தீர்ப்பாய உரிமை ஓராண்டு முன்னதாகவே கிடைக்கும். அதைத் தவிர்க்க ஜூன் நடுவரை வைத்திருக்கும் அணிகள் உண்டு. கப்ஸ் அதைச் செய்யவில்லை. அதனால் பிரையன்ட்டுக்கு அந்த உரிமை சீக்கிரம் கிடைத்து, 2018இல் 1.085 கோடி டாலர் சம்பளம் வந்தது. முதல் முறையாகத் தீர்ப்பாயத் தகுதி பெறும் வீரருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை. ஜூன் வரை காத்திருந்தால் கையில் நிறைய மிச்சமாகியிருக்கும். ஆனால் சுமார் 60 ஆட்டங்களுக்கு மூன்றாம் பேஸ் காலி. ஜெயிக்க வந்த அணிக்கு இதை யோசிக்கவே கூடாது. இந்த விஷயத்தில் கப்ஸ் செய்தது சரி.

மூன்றாவது வழி, முதலிலேயே நீண்ட ஒப்பந்தம் போட்டுவிட்டு முதல் நாளே ஆடவிடுவது. 2008இல் டாம்பா பே ரேஸ், இவான் லாங்கோரியாவின் முதல் ஆட்டம் முடிந்து ஒரு வாரம் ஆவதற்குள் ஆறு ஆண்டுகளுக்கு 1.75 கோடி டாலருக்குக் கையெழுத்து வாங்கியது. அப்போது அந்த அணியின் பயிற்சியாளர் இதே மேடன். 2019இல் சிகாகோவின் இன்னொரு அணியான வைட் சாக்ஸ், எலாய் ஹிமெனெஸோடு பருவம் தொடங்கும் முன்பே ஆறு ஆண்டுகளுக்கு 4.3 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டு அவரை முதல் நாள் பட்டியலில் சேர்த்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரையன்ட்டின் ஏஜென்ட் ஸ்காட் போராஸ். தன் வீரர்களைச் சந்தைக்குக் கொண்டுபோய் விலை பேசுவதே அவர் பாணி. ஆகவே இந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிய கதவு.

மிஞ்சுவது எளிய வழி. ஏப்ரல் 5, ஞாயிறு இரவு, ரிக்லி ஃபீல்டில் கார்டினல்ஸுக்கு எதிராக மூன்றாம் பேஸில் பிரையன்ட். என் ஓட்டு இதற்குத்தான். அவர் அப்போது பெரிய லீக் அணி தனக்கென வைத்திருக்கும் 40 பேர் பட்டியலிலேயே இல்லை. அவரைச் சேர்க்க ஒருவரைக் கழற்றிவிட வேண்டியிருக்கும். இரண்டு வாரத்தில் செய்யத்தான் போகிறார்கள் என்றால் அதை அன்றே செய்திருக்கலாம். அந்த 40 பேரில் ஆட்டத்துக்கென அப்போது வைத்துக்கொள்ளும் 25 பேரில் இடம் தருவதற்கு அரிஸ்மெண்டி அல்கான்டராவை டிரிபிள் ஏ அணியான ஐயோவாவுக்கு அனுப்பியிருக்கலாம். 2014இல் 70 ஆட்டங்களில் 0.205 அடித்தவர் அவர். முதல் நாள் பட்டியலில் இடம் கிடைத்தும் ஏப்ரல் முடிவதற்குள் கீழே போனார். ஓல்ட் பெஞ்சில் இருந்திருக்கலாம். இடது கை பிட்சர்களுக்கு எதிராகவும், ஆட்டத்தின் கடைசியில் ஒரு பெரிய அடி தேவைப்படும்போதும் அவரைப் பயன்படுத்தியிருக்கலாம்.

பாயெஸ் கதை நேர் எதிர். 2014 ஆகஸ்டில் பெரிய லீக் வந்து 52 ஆட்டங்களில் 9 ஹோம் ரன், 95 ஸ்ட்ரைக்அவுட், 0.169 சராசரி. கை வேகம் யாருக்கும் இல்லாத வேகம். ஆனால் ஆடுகளத் தட்டுக்கு ஓர் அடி வெளியே போகும் பந்துக்கும் முழு பலத்தோடு மட்டையை வீசுவார். முகாமிலும் அதுவே தொடர்ந்தது. அவரை அனுப்பியதில் சர்வீஸ் கணக்கு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஒவ்வொரு நாளும் நான்கு முறை பேட் பிடிக்க ஓர் இடம். பெரிய லீகில் அதைக் கொடுக்க முடியாது. செப்டம்பரில் திரும்பி வந்து 28 ஆட்டங்களில் 0.289 அடித்தார். அக்டோபரில் கார்டினல்ஸை வெளியேற்றிய ஆட்டத்தில் ஜான் லாக்கி பந்தில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். கீழே அனுப்புவது தண்டனையாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ரசல் நடுவில் நிற்பவர். 2014 ஜூலையில் ஜெஃப் சமார்ட்சியாவையும் ஜேசன் ஹாமெலையும் ஓக்லாண்டுக்குக் கொடுத்து வாங்கிய ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்). வயது 21. டிரிபிள் ஏவில் அதுவரை ஆடியது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள். ஷார்ட்ஸ்டாப்பில் ஸ்டார்லின் காஸ்ட்ரோ இருந்ததால் இரண்டாம் பேஸ் பழக வேண்டிய நிலை. முதல் நாள் அங்கே ஆடிய டாமி லா ஸ்டெல்லா உடனே காயமடைந்தார், ஏப்ரல் 21இல் ரசலைக் கூப்பிட்டார்கள். மூன்று வாரம் தாமதம் அவருக்குச் சரியான தாமதம்தான். இன்னும் சற்று நீண்டிருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

பட்டியலின் மற்ற மூலைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மொன்டேரோ, டேவிட் ராஸ், வெலிங்டன் காஸ்டியோ என மூன்று கேட்சர்களோடு கப்ஸ் பருவத்தைத் தொடங்கியது. 25 பேரில் மூன்று கேட்சர் என்பது ஆடம்பரம். ராஸ் லெஸ்டரோடு பாஸ்டனில் பழகியவர், அவர் இருக்க வேண்டும். மொன்டேரோ முதல் கேட்சர். காஸ்டியோவை முகாமிலேயே நல்ல விலைக்குக் கொடுத்திருக்க வேண்டும். மே மாதம் சியாட்டிலுக்கு, ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் ஒரு ரிலீஃப் பிட்சருக்காக அனுப்பியபோது விலை குறைந்துபோயிருந்தது. ஐந்தாவது தொடக்கப் பிட்சராக டிராவிஸ் வுட்டை வைத்ததும் எட்வின் ஜாக்சனை ரிலீஃபுக்கு மாற்றியதும் சரி. ஜாக்சனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 5.2 கோடி டாலர் ஒப்பந்தம் இருந்தது. 2014இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு 6.33 ரன் விட்டவரை, சம்பளம் கொடுக்கிறோமே என்பதற்காக மட்டும் தொடக்கப் பிட்சராக நிறுத்தாததற்கு எப்ஸ்டீனைப் பாராட்ட வேண்டும். கொடுத்த பணம் போனதுதான், ஆட்டத்தையும் விட வேண்டுமா? அந்தத் துணிவு பிரையன்ட் விஷயத்தில் இல்லாமல் போனதுதான் வருத்தம்.

12 நாளில் வாங்கிய அந்தக் கூடுதல் ஆண்டு கடைசியில் என்ன கொடுத்தது? பிரையன்ட் 2015இல் 151 ஆட்டங்களில் 26 ஹோம் ரன் அடித்து, தன் அடியால் 99 ரன் வரவைத்துத் தேசிய லீகின் சிறந்த புதுமுகம் ஆனார். 199 ஸ்ட்ரைக்அவுட்டும் உண்டு, அதையும் சேர்த்துத்தான். 2016இல் மதிப்புமிக்க வீரர் விருது. அதே ஆண்டு உலகத் தொடரின் கடைசிப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தவரும் அவரே. இவையெல்லாம் முதல் ஆறு ஆண்டுக்குள் நடந்தவை; எந்த வழியைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் கப்ஸுக்குக் கிடைத்திருக்கும். கூடுதலாகக் கிடைத்தது 2021. அந்த ஆண்டு அவர் சம்பளம் 1.95 கோடி டாலர். அணி 71 ஆட்டங்களில் மட்டுமே வென்றது. ஜூலை 30ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு அனுப்பிவிட்டு அலெக்சாண்டர் கனாரியோ, கேலப் கிலியன் என்ற இரண்டு இளைஞர்களை வாங்கினார்கள். நான்கு மாத ஆட்டமும் இரண்டு இளைஞர்களும். இதற்காகவா ஒரு முறையீடு ஆண்டுக்கணக்கில் இழுத்தது? அந்த நாட்களில் அவரோடு நீண்ட ஒப்பந்தம் பேச வேண்டியிருந்ததும் இதே நிர்வாகம்தான்.

வேறு அணிகள் வேறு விதமாகச் செய்து பார்த்திருக்கின்றன. சான் டியேகோ பாட்ரெஸ் 2019இல் 20 வயது ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியரை முதல் நாளே இறக்கியது. அந்த ஆண்டு அந்த அணி 92 தோல்வியோடு பிரிவில் கடைசி. சர்வீஸ் கணக்குப் பார்க்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது, ஆனாலும் பார்க்கவில்லை. டாட்டிஸ் காயத்தால் 84 ஆட்டங்களே ஆடினாலும் 22 ஹோம் ரன், 0.317. இரண்டே ஆண்டில் 14 ஆண்டுகளுக்கு 34 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். முதல் நாள் காட்டிய மதிப்பும் அந்தக் கையெழுத்துக்கு உதவியிருக்கும் என்றே நான் நம்புகிறேன். அதே ஆண்டு நியூயார்க் மெட்ஸ் பீட் அலான்சோவை முதல் நாளே ஆடவிட்டது. 53 ஹோம் ரன், புதுமுகங்களில் அதுவரை யாரும் எட்டாத எண்ணிக்கை.

இளைஞர் என்றால் யாரையும் இறக்கிவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. 2024 வசந்தத்தில் பால்டிமோர் ஓரியோல்ஸ், 2022 டிராஃப்டின் முதல் தேர்வான ஜாக்சன் ஹாலிடேயைக் கீழே அனுப்பியது. கூச்சல் எழுந்தது. ஏப்ரல் 10ஆம் தேதி கூப்பிட்டார்கள். 34 முறை பேட் பிடித்து 2 ஹிட். மாதம் முடியும் முன்பே திரும்ப அனுப்ப வேண்டி வந்தது. அதே வசந்தத்தில் பாட்ரெஸ், ஷார்ட்ஸ்டாப்பாக வளர்ந்த ஜாக்சன் மெரிலை நடு வெளிக்களத்துக்கு மாற்றி, சியோலில் நடந்த முதல் ஆட்டத்திலேயே இறக்கியது. அவர் 24 ஹோம் ரன், 0.292 என்று ஆண்டை முடித்தார். இருவருக்கும் வயது 20. முந்தைய ஆண்டு 101 ஆட்டம் வென்ற ஓரியோல்ஸுக்கு அவசரம் இல்லை. ஹுவான் சோட்டோவோடு ட்ரென்ட் கிரிஷமையும் யாங்கீஸுக்குக் கொடுத்திருந்த பாட்ரெஸிடம் நடு வெளிக்களத்துக்கு ஆள் இல்லை. இடம் காலியா, இருப்பவரைவிட வருபவர் இன்றைக்கே மேலா? இந்த இரண்டுக்கும் 'ஆம்' என்றால் நாள் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. 2015 கப்ஸின் மூன்றாம் பேஸில் இரண்டுக்கும் பதில் 'ஆம்'.

விதியும் இப்போது மாறிவிட்டது. 2022 ஒப்பந்தத்தின்படி சிறந்த புதுமுக விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பிடிப்பவருக்கு, எப்போது வந்திருந்தாலும், முழு ஆண்டு சர்வீஸ் கிடைக்கும். தரவரிசையில் மேலே உள்ள இளைஞரை முழு ஆண்டும் வைத்திருந்து, அவர் அந்த விருதை வென்றால் அணிக்குக் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பு. ஹூலியோ ரொட்ரிகெஸை 2022இல் முதல் நாளே இறக்கிய சியாட்டில் மரினர்ஸ் அதைப் பெற்றது. பால் ஸ்கீன்ஸை 2024 மே 11 வரை காக்கவைத்த பைரேட்ஸுக்கு அது கிடைக்கவில்லை. அவருக்கோ விருது, அதோடு முழு ஆண்டு சர்வீஸும் சேர்ந்தது. இந்த விதி 2015இல் இருந்திருந்தால் ஏப்ரல் 17 வரை காத்திருந்த கப்ஸ் ஓர் ஆண்டையும் பெற்றிருக்காது, டிராஃப்ட் வாய்ப்பையும் இழந்திருக்கும்.